சீகையை வெட்டும்போது குறிஞ்சியும் தரை ஆர்கிடும் சாகாமல் இருக்க

கேள்வி இதுதான்: ஊட்டிக்கு மேற்கே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஐந்து ஏக்கர் பட்டா நிலம். பாதி பழைய புல்வெளி, ஒரு மூலையில் சோலைக்காடு, நடுவில் சிறிய சதுப்பு. வாட்டில் எனப்படும் சீகை மரம், ஸ்காட்ச் புரூம், செஸ்ட்ரம், ஏஜரேட்டினா என்ற அந்நியக் களைகள் எல்லாம் ஏறிவிட்டன. புல்வெளியில் குறிஞ்சியும் சில தரை ஆர்கிட்களும் இருக்கின்றன. ஆள் வைத்துக் களையை எடுக்கும்போது இவை அழியாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டு முழுக்க நிலத்தைப் பார்த்த பிறகே கத்தியை எடுங்கள். களை குறைவாக இருக்கும் நல்ல இடத்தில் தொடங்கி, களை மண்டிய இடத்தை நோக்கி நகருங்கள். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ள முடிகிற பரப்பை மட்டும் சுத்தம் செய்யுங்கள். மற்ற எல்லாமே இந்த மூன்றிலிருந்து வருபவை.

களை பெரிய ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளுக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களாகவும் விவசாய நிலமாகவும் மாறிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. நீலகிரியும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. ஆனால் சீகை ஓர் அரிய செடியைக் கொல்லப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. இருபது பேர் மண்வெட்டியோடு இறங்கினால் அதே வேலை ஒரே காலையில் முடிந்துவிடும். எஞ்சியிருக்கும் கடைசிச் செடிகள் பெரும்பாலும் களைக்கு நடுவேதான் நிற்கும் என்பதால், களை எடுக்கும் நாள்தான் அவற்றுக்கு மிக ஆபத்தான நாள்.

ஓர் ஆண்டு பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தரை ஆர்கிட்களான சட்டிரியம், ஹபெனேரியா போன்றவை வறண்ட மாதங்களில் மண்ணுக்கு மேல் இருப்பதே இல்லை. இலை காய்ந்து உதிர, கிழங்கு மட்டும் சில அங்குல ஆழத்தில் உறங்கும். ஜனவரியிலோ மார்ச்சிலோ போய்ப் பார்த்துவிட்டு "இங்கே வெறும் புல்தான்" என்று எழுதி வைத்தால் அந்தக் கணக்கு தவறு. தென்மேற்குப் பருவமழை தொடங்கி மூன்று நான்கு வாரம் கழித்து ஒருமுறை, ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கும்போது ஒருமுறை, வடகிழக்குப் பருவமழையில் ஒருமுறை, உறைபனிக் காலத்தில் ஒருமுறை என்று குறைந்தது நான்கு தடவை நடக்க வேண்டும். காசித்தும்பை இனங்கள், பூச்சி தின்னும் டிரோசெரா, யூட்ரிகுலேரியா எல்லாம் மழைக்காலத்தில்தான் கண்ணில் படும். நடக்கும்போது 5 மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி, கோடு கோடாகப் போங்கள். மனம் போனபடி நடந்தால் கண் எப்போதும் பூ இருக்கும் இடத்துக்கே போகும். பூ இல்லாத செடிகள் கணக்கில் வராது.

குறிஞ்சியின் விஷயம் தனி. ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, அத்தோடு செத்துவிடும் செடி. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பூத்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2030. உங்கள் சரிவில் இப்போது நிற்பவை 2018 விதையிலிருந்து வந்தவை என்றால், அவை இன்னும் ஒருமுறைகூடப் பூக்கவில்லை. பூப்பதற்கு முன் வெட்டப்படும் ஒவ்வொரு செடியும் விதை விடாமலே போகிறது. ஈடுகட்ட அடுத்த ஆண்டுப் பூ என்று ஒன்று கிடையாது. எல்லாச் சரிவும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை என்பதால், உங்கள் நிலத்தில் கடைசியாக எப்போது பூத்தது என்று அக்கம்பக்கத்துத் தோடர், படுகர் பெரியவர்களிடம் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடையாளம் இடுவது. பெரும்பாலான குழுக்கள் தவறுவது இங்கேதான். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். ஒரு விரல் உயர ஆர்கிடைக் காப்பாற்ற அது போதாது. அசையாத பாறை ஒன்றில் சிறு எண் எழுதி, அங்கிருந்து டேப் பிடித்துத் தூரமும் திசையும் குறியுங்கள்: "பாறை 4, வடகிழக்கே 6.2 மீட்டர்" என்பது போல. செடிக்குப் பக்கத்திலேயே முளைக்குச்சி அடிக்காதீர்கள், கிழங்கில் இறங்கிவிடும். எல்லாக் குச்சியும் செடிக்கு நேர் வடக்கே அரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். அந்த விதி வேலையாட்களுக்குத் தெரிந்தால் போதும். செடியிலேயே பளிச்சென்ற நாடா கட்டுவது திருடனுக்கு வழிகாட்டுவதாகும். ஆர்கிட் திருட்டு நடக்கிற ஊர் இது, ஆகவே படமும் இருப்பிடமும் வாட்சாப் குழுக்களில் போகக் கூடாது.

நாடா நிறத்தில் ஒரு சிறு விஷயம். வெட்ட வேண்டியதற்குச் சிவப்பு, காக்க வேண்டியதற்குப் பச்சை என்று வைத்தால் புல்வெளியில் பச்சை தெரியாது. ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அளவில் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள். நீலமும் வெள்ளையும் வைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமையும் கடமானும் நாடாவை இழுத்துப் போட்டுவிடும், ஆகவே வேலை தொடங்கும் அன்று காலையில் கட்டி, மாலையில் எண்ணி அவிழ்ப்பதே நல்லது.

அடையாளம் இட்ட ஒவ்வொரு திட்டையும் மூன்று வளையமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மீட்டருக்குள் கை, சிறு கத்தரிக்கோல், மடக்குக் கத்தி மட்டும். அங்கே எதையும் வேரோடு பிடுங்கக் கூடாது, தரையோடு ஒட்ட நறுக்குவதே வேலை. அங்கே போகிற ஆளும் பெயர் குறித்து ஒதுக்கப்பட்ட இரண்டொருவராக இருக்கட்டும். ஒன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை கைக்கருவிகள்: அரிவாள், கைரம்பம். மண்வெட்டியும் கடப்பாரையும் வேண்டாம். ஐந்து மீட்டருக்கு வெளியேதான் பவர் ரம்பம், இழுத்துச் செல்லும் பாதை, தழைக் குவியல் எல்லாம். சரிவாக இருந்தால் மேல்பக்க வளையத்தை இரு மடங்காக்குங்கள். மேலே கிளறிய மண் அடுத்த மழையில் கீழே இருக்கும் செடிமீது வந்து படியும்.

வரிசை பற்றி. ஆஸ்திரேலியாவில், சிட்னி அருகே, ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960-களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். நல்ல காட்டிலிருந்து கெட்ட காட்டை நோக்கி வேலை செய்ய வேண்டும், மண்ணை இயன்றவரை கிளறக் கூடாது, எடுத்த இடத்தில் நாட்டுச் செடி தானாக முளைத்து நிரம்பும் வேகத்தைப் பார்த்துத்தான் அடுத்த இடத்தைத் திறக்க வேண்டும். நம் மலைக்கும் இதைவிடப் பொருத்தமான வரிசை எனக்குத் தெரியாது. களை மண்டிய இடத்தைப் பார்த்தால் கை பரபரக்கும், நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்டவும் அதுதான் எடுப்பாக இருக்கும். ஆனால் அங்கே அரிய செடி ஏறக்குறைய இல்லை, மண்ணிலோ களை விதை நிறைந்து கிடக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டே புரூம் நாற்று இருக்கும் நல்ல புல்வெளியில் செலவிடும் ஒரு நாளுக்குப் பலன் பல மடங்கு.

கருவியைத் தொடும் முன் ஆட்களுக்கு ஒரு முழு நாள் பயிற்சி கொடுங்கள், அதற்கும் கூலி கொடுங்கள். தவறு நடப்பது பூத்த செடியில் இல்லை, நாற்றுகளில்தான். பூக்காத குறிஞ்சிக்கும் ஏஜரேட்டினாவுக்கும் எதிரெதிர் இலை, பல் போட்ட ஓரம் என்று தூரத்துப் பார்வையில் ஒரே சாயல். ஏஜரேட்டினாவின் இலை முக்கோணமாக, அடியிலிருந்தே மூன்று நரம்பு பிரிந்து ஓடும். தண்டு ஊதா, தொட்டால் பிசுபிசுக்கும். குறிஞ்சியில் ஒரு நடு நரம்பு, அதிலிருந்து பக்க நரம்புகள் இருபுறமும் வரிசையாகப் பள்ளம் விழுந்தாற்போல் ஓடும். செஸ்ட்ரம் கன்றுக்கும் சோலை மரக் கன்றுக்கும் குழப்பம் வந்தால் இலையைக் கசக்கி முகருங்கள், செஸ்ட்ரத்தின் நாற்றம் மறக்காது. ஸ்காட்ச் புரூமின் மஞ்சள் பூவையும் நாட்டுக் கிலுகிலுப்பை இனங்களின் மஞ்சள் பூவையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். புரூமின் தண்டு பச்சையாக, நெடுக வரம்பு வரம்பாக, இலை அருகியிருக்கும். சாயல் உள்ள செடிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய அட்டை ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்பதே விதி. விட்ட களையை அடுத்த முறை எடுக்கலாம்.

இனி ஒவ்வொரு களையாக. சீகைக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம் சீகை. வேரில் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் குணம் உள்ளது, அதனால் அதன் அடி மண் நம் புல்வெளிக்குப் பழக்கமில்லாத அளவு செழிப்பாகிவிடும். சீகையை எடுத்தவுடன் அங்கே கிக்குயு என்ற அந்நியப் புல்லும் ஏஜரேட்டினாவும் பாய்ந்து வருவதற்கு ஒரு காரணம் அது. விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், நெருப்பு பட்டாலோ மண் புரண்டு வெயில் பட்டாலோ கூட்டமாக முளைக்கும். ஜேசிபி வைத்து தூரோடு புரட்டிய இடங்களில் அடுத்த மழைக்குப் பாய் விரித்தாற்போல் சீகை நாற்று எழுவது இதனால்தான். உங்கள் நிலத்துக்குள் ஜேசிபி வேண்டாம். ஆர்கிட் கிழங்கு இருக்கும் மண்ணை ஒருமுறை புரட்டினால் அது திரும்பாது.

திறந்த புல்வெளிக்குள் தனித்தனியாக நிற்கும் சீகையை வெட்டிச் சாய்க்கலாம். வறண்ட ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம்: மண் இறுகியிருக்கும், ஆர்கிட் உறக்கத்தில் இருக்கும், மிதிபடும் சேதம் குறைவு. மண்ணைத் தோண்டாதவரை கிழங்குக்கு ஆபத்து இல்லை. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதைக் கயிறு கட்டி முடிவு செய்யுங்கள். எல்லாப் பக்கமும் அடையாளத் திட்டு இருந்தால் முதலில் கிளைகளைக் கழித்து, மேலிருந்து துண்டு துண்டாக இறக்குங்கள். முழு மரத்தைத் தரையில் இழுத்தால் அரை அடி ஆழத்துக்குச் சால் கிழியும். ஒன்றரை மீட்டர் துண்டுகளாக அறுத்துத் தோளில் சுமந்து, ஒரே பாதையில் வெளியேற்றுங்கள். தூரைத் தரைமட்டத்துக்கு ஒட்ட வெட்டி, பட்டையைக் கீழே மண் வரை உரித்துவிட்டால் மறுதளிர் வெகுவாகக் குறையும். வரும் தளிரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

சோலை ஓரத்தில் கதை வேறு. பல இடங்களில் பழைய சீகைக் காட்டின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்துவருகின்றன. நாவல் இனங்கள் போன்றவை அந்த நிழலை நம்பித்தான் நிற்கின்றன. அங்கே மொட்டையாக வெட்டினால் டிசம்பர், ஜனவரி உறைபனி நேராகக் கன்றின் மேல் இறங்கும். சோலைக் கன்றுகள் உறைபனியைத் தாங்குவதில்லை, ஒரே இரவில் கருகிவிடும். காசித்தும்பை, பெரணி, மரத்தில் ஒட்டி வாழும் ஆர்கிட்கள் ஆகியவற்றுக்கும் திடீர் வெயில் அதே அளவு கெடுதல். சோலை ஓரத்துச் சீகையை நின்றபடியே சாகவிடுங்கள். தரையிலிருந்து முக்கால் அல்லது ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையைச் சுற்றிலும் முழுமையாக உரித்து, உள்ளேயுள்ள ஈரமான வழவழப்புப் படலத்தையும் சுரண்டி எடுங்கள். விரல் அகலம் பட்டை விட்டுப்போனாலும் மரம் அதன் வழியே பிழைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பட்டை எளிதாக உரியும். மரம் மெல்லக் காய்ந்து, இலை உதிர்ந்து, ஒளி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். ஓர் ஆண்டில் நிற்பவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உரிக்காதீர்கள். நடைபாதை, வீடு, மின்கம்பி அருகே இந்த முறை கூடாது, காய்ந்த மரம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

சீகைமேல் ஒட்டியிருக்கும் ஆர்கிட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டியே ஆக வேண்டிய மரத்தில் அவை இருந்தால், ஒட்டிய பட்டையோடு சேர்த்து அறுத்து, அதே உயரத்தில், அதே திசை பார்த்து, பக்கத்துச் சோலை மரத்தில் பருத்திக் கயிறால் கட்டலாம். நைலான் கயிறு மரத்தை இறுக்கும், மக்கவும் மக்காது. இதை மழை தொடங்கும் நேரத்தில் செய்தால்தான் வேர் பிடிக்கும்.

ஸ்காட்ச் புரூமில் முழங்கால் உயரம் வரை உள்ளதை நல்ல மழைக்கு மறுநாள் கையால் இழுத்தால் வேரோடு வரும். இழுக்கும்போது செடியின் இருபுறமும் பாதத்தை ஊன்றி மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நேர் மேலே இழுங்கள். எழுந்த மண்ணை உடனே மிதித்து அழுத்துங்கள். அதைவிடப் பெரிய செடியை இழுத்தால் ஒரு கூடை மண் எழும், உள்ளே உறங்கும் புரூம் விதைகள் மேலே வரும், பக்கத்துக் கிழங்குகள் அறுபடும். பெரியதைக் கைரம்பத்தால் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, தளிர்த்தால் மீண்டும் அறுப்பதே நல்லது. வறட்சியின் உச்சத்தில், பூத்துச் சோர்ந்திருக்கும்போது அறுத்த முதிர்ந்த புரூம் அதிகம் தளிர்ப்பதில்லை. காய் கறுத்து வெடிக்கத் தொடங்கிவிட்டால் அந்தச் செடியை அசைக்காதீர்கள், அசைக்கும் ஒவ்வொரு முறையும் விதை தெறிக்கும். காய் பச்சையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

செஸ்ட்ரம் வெட்டினால் அடியிலிருந்து தளிர்க்கும். ஐந்து மீட்டர் வளையத்துக்கு வெளியே தூரைக் கொத்தி எடுக்கலாம், உள்ளே திரும்பத் திரும்ப நறுக்கிச் சோர வைப்பதுதான் வழி. வெட்டிய தண்டை ஈரத் தரையில் போடாமல் பாறைமேலோ மரக் கிளையிலோ காயப் போடுங்கள். ஏஜரேட்டினாவின் வேர் மேலாக ஓடுவதால் கைக்கு எளிதாக வரும். ஆனால் விதை காற்றில் பறக்கும், ஆகவே பூ மொட்டு கட்டும் முன் எடுக்க வேண்டும். ஓடைக் கரையில் அது மட்டுமே மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் முழுக்க எடுக்காதீர்கள். இரண்டு மீட்டர் அகலப் பட்டை எடுத்து, இரண்டு மீட்டர் விட்டு, முதல் பட்டையில் புல் பிடித்த பின் அடுத்ததற்குப் போங்கள்.

உண்ணிச்செடி உங்கள் உயரத்தில் தொல்லை இல்லை. கீழ்ச் சரிவுகளில் வேலை செய்பவர்களுக்காக ஒரு வரி: டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். பாபு குழு பரிந்துரைத்த முறைப்படி, மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை மட்டும் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால், மண் ஏறக்குறைய கிளறப்படாமலே புதர் செத்துவிடும். காய்க்கும் முன் செய்ய வேண்டும். அரிய செடி உள்ள இடத்துக்கு முழு வேரையும் தோண்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சதுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேயப் பயன்படுத்தும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல் நீலகிரிச் சதுப்புகளில்தான் வளர்கிறது, அந்தச் சதுப்புகள் குறைந்ததால் புல்லும் அரிதாகிவிட்டது. உங்கள் சதுப்பில் அது இருக்கிறதா என்று அதை அறிந்த தோடர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். சதுப்புக்குள் யாரும் நேராகக் கால் வைக்கக் கூடாது. ஒரு காலடித் தடம் டிரோசெரா திட்டை ஒரு பருவத்துக்கு மூழ்கடித்துவிடும். இரண்டு பலகை கொண்டுபோய், ஒன்றின் மேல் நின்றுகொண்டு மற்றதை முன்னே நகர்த்தி வேலை செய்யுங்கள். சுற்றியுள்ள சீகை நீரை உறிஞ்சுவதால் அதை எடுப்பது சதுப்புக்கு நல்லது, ஆனால் வெட்டிய தழையில் ஒரு கைப்பிடிகூட உள்ளே விழக் கூடாது. பழைய வடிகால் சால் ஏதாவது சதுப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தால், அதை மண் மூட்டையால் அடைப்பது களை எடுப்பதைவிட அதிகம் உதவும்.

களைக்கொல்லி வேண்டாம் என்பதே என் கருத்து. கிளைபோசேட் எதையும் பிரித்துப் பார்க்காது. தெளிப்பின் சாரல் காற்றில் சில மீட்டர் நகர்ந்தாலே ஆர்கிட் இலைக்குப் போதும். இந்தியாவில் அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வந்தது. வெட்டிய தூரில் தூரிகையால் பூசும் முறை தெளிப்பதைவிடப் பாதுகாப்பானதுதான். ஆனால் பிக்லோரம் போன்ற சில மருந்துகள் மண்ணில் நெடுநாள் தங்கி, பக்கத்துச் செடிகளின் வேருக்கும் போகும். நீர்ப்பிடிப்பான மலையில், சதுப்பு உள்ள ஐந்து ஏக்கரில், கையால் முடிகிற வேலைக்கு அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

குவித்து எரிப்பதும் அப்படியே. குவியலுக்கடியில் மண் வெந்து, கிழங்கும் மண் பூஞ்சைகளும் சாகும். சுற்றிலும் சீகை விதை விழித்துக்கொள்ளும். ஏற்கெனவே மண் கெட்ட இடம் ஒன்றைத் தேர்ந்து, எல்லாத் தழையையும் அங்கேயே குவித்து மக்கவிடுங்கள். பெரிய கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தினால் மண் அரிப்பைத் தடுக்கும், ஆனால் அடையாளத் திட்டுக்கு மேலே வேண்டாம், உருண்டு வரும்.

அரிய செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிட்டு நிம்மதியாக வெட்டலாமே என்று கேட்பார்கள். தரை ஆர்கிட்கள் தம் வேரிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சையை நம்பி வாழ்பவை. பெடிகுலாரிஸ் போன்றவை பக்கத்துச் செடிகளின் வேரில் ஒட்டி உண்பவை. தொட்டியிலோ வேறு மண்ணிலோ முதல் ஆண்டு பச்சையாக இருந்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டில் காணாமல் போய்விடும். சாலையோ கட்டடமோ வந்தே தீரும் இடத்தில் மட்டும் கடைசி வழியாகச் செய்யலாம், அப்போதும் அரை அடி ஆழ மண் கட்டியோடு. விதை சேகரிப்பு அதைவிட நல்ல காப்பீடு: அன்று முற்றியிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. நாவல் இனம் போன்ற சோலை மர விதைகளைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும், எடுத்த சில நாளில் விதைக்க வேண்டும். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட எலியோகார்பஸ் பிளாஸ்கோய் கொடைக்கானலின் வட்டக்கானலில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, நாற்றாக வளர்த்துப் பெருக்கப்பட்டது. சோலை ஓரத்தில் பெயர் தெரியாத மரத்தை வெட்டக் கூடாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

திறந்த இடத்தில் என்ன நடுவது? புல்வெளியில் மரம் நடாதீர்கள், சோலை மரம்கூட வேண்டாம். வெற்றிடம் பெரிதாக இருந்தால் கிரைசோபோகன், யூலாலியா போன்ற நாட்டுப் புல் தூர்களை உங்கள் நிலத்திலிருந்தே பிரித்து, ஓர் அடி இடைவெளியில், மழை தொடங்கும்போது ஊன்றுங்கள். அடையாளத் திட்டுகளின் முதல் இரண்டு வளையத்தில் எதையும் நடாமல் விட்டுவிடுங்கள், தானாக வருவது வரட்டும். சமவெளியிலிருந்து வைக்கோலோ தொழு உரமோ நாற்றங்கால் மண்ணோ கொண்டுவரக் கூடாது, அதோடு புதுக் களை வரும். காலணி மடிப்பில் ஒட்டிய மண்ணிலும் கிக்குயு வரும். வாசலில் ஒரு தூரிகையும் ஒரு தட்டும் வைத்து, எல்லோரும் காலணியும் கருவியும் துடைத்துவிட்டு வரட்டும். ஒரு நாளில் முதலில் நல்ல புல்வெளி, கடைசியில் களை மண்டிய இடம் என்ற ஒழுங்கும் இதற்காகத்தான்.

கூலி கொடுக்கும் முறையே செடியைக் கொல்வதும் உண்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் விட்டால் வேகம்தான் கிடைக்கும். எடைக்குக் காசு என்றால் பெரிய தூர்கள் மண்ணோடு பிடுங்கப்படும். வளையங்களுக்குள் தினக்கூலி மட்டும் கொடுங்கள். ஆறு பேருக்கு ஒரு மேஸ்திரி, அவர் வேலை செய்யாமல் பார்த்துக்கொள்பவராக இருக்கட்டும். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் முதல் வெட்டுக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஒதுக்குங்கள். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்று பிடுங்க ஆள் போயாக வேண்டும். வெட்டிவிட்டுப் பராமரிக்காத நிலம், வெட்டாத நிலத்தைவிட மோசமாகும். நிழலில் அடங்கியிருந்த விதையெல்லாம் ஒன்றாக எழும், நடுவே நின்ற ஆர்கிடுக்கு முன்பு இருந்த இடமும் போய்விடும்.

அனுமதி விஷயத்தை வேலைக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். பட்டா நிலமானாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரியில் பொருந்தும். எந்த மரத்துக்கு என்ன நடைமுறை என்று வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்குத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வெளியிட்டிருப்பதால், உங்கள் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடலாம்.

கடைசியாகக் கணக்கு. ஒவ்வொரு அரிய இனத்துக்கும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரங்கள் பத்தாவது குறித்து, அவற்றில் இரண்டு மூன்றைக் களை எடுக்காமலே விட்டு வையுங்கள். அப்போதுதான் எண்ணிக்கை குறைந்தால் அது உங்கள் வேலையாலா, மழை பொய்த்ததாலா என்று பிரித்துப் பார்க்க முடியும். வெட்டும் முன், ஆறாம் மாதம், பிறகு ஆண்டுதோறும் அதே மாதத்தில் எண்ணுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படமும் எடுங்கள். தரை ஆர்கிட் சில ஆண்டு தலை காட்டாமல் மண்ணுக்குள் இருந்துவிட்டு மீண்டும் வருவதுண்டு, ஆகவே மூன்று பருவம் காணாத பிறகே போய்விட்டது என்று எழுத வேண்டும். குறிஞ்சியில் அப்படி இல்லை, காணவில்லை என்றால் இல்லைதான். களை எடுத்த சதுரங்களில் மட்டும் குறிஞ்சி குறைந்தால், அந்தப் பகுதியில் வேலையை உடனே நிறுத்திவிட்டு, மிதிபட்டதா, வெயிலா, உறைபனியா, கடமான் மேய்ந்ததா என்று செடி செடியாகப் பாருங்கள். காரணம் தெரிந்து அதற்கேற்ப முறையை மாற்றிய பிறகு அடுத்த பகுதியைத் திறக்கலாம்.